குரங்கு திருகிய வளையம்

…இடது பக்கமா இழுக்குது தம்பி! நாலாவது தடவை! ஸ்டீயரிங்கை விட்டா போதும், சாக்கடைப் பக்கம் ஆசையா போகுது. இந்த மெக்கானிக் ஹொட்டாவோட அலைன்மென்ட் மெஷின், அதான் சக்கரத்தை நேர்பண்ற மெஷின், சரியில்லேங்கறேன். சொன்னா அவனுக்குக் கோவம் வரும். உக்காரு, உக்காரு. உன் வண்டி எனக்கு அடுத்ததுதானே? ஏத்தி இறக்குற சஸ்பென்ஷன் புதுசா மாட்டியிருக்கியா? அட, நம்ம ஆளு! இந்தா, காப்பி குடி. இந்தக் கடைல உருப்படியா வேலை செய்யறது இந்தக் காப்பி மெஷின் ஒண்ணுதான்.

என் பேரு தொகுஜி. வயசு எழுபத்தொண்ணு. சிரிக்காதே. வண்டிக்கு முப்பத்திரண்டு. இந்த நிக்கோ மலைப்பாதைல என் பின்னாடி வந்த போலீஸ்காரன் ஒருத்தன் வேலையை விட்டுட்டு துறவியாயிட்டான். நெஜமாத்தான்! கோயில்ல போய்க் கேளு.

அங்க பாரு, வாசல்ல கையில பையோட நிக்கிறாளே, அதான் மிட்சுயே, என் பொண்டாட்டி. நாங்க கல்யாணம் பண்ணி இன்னியோட நாப்பத்தஞ்சு வருஷம். ரெண்டு மணிக்கு வெந்நீர் ஊத்து விடுதில ரூம் போட்டிருக்கு. காலைல என்ன சொன்னா தெரியுமா? "இன்னிக்கும் சாக்கடைப் பக்கம் போச்சுன்னா, இனிமே தங்கச்சி வீட்டுக்காரர் வேன்லதான் போவேன். நீங்க உங்க வண்டியைக் கட்டிக்கிட்டு அழுங்க"ன்னுட்டா. அந்த யசுஹேயோட வேன்ல! ரொட்டிப் பெட்டிக்குச் சக்கரம் வெச்ச மாதிரி இருக்கும் அது!

அந்த ஹொட்டா இருக்கானே, அவன் ஒரு படி மேல. "தொகுஜி-சான், அந்த வளையத்துல யாராவது கை வெச்சது தெரிஞ்சா, நான் சொல்ற உயரத்துலதான் உங்க வண்டி இனிமே நிக்கும்"னு போன தடவையே சொல்லிட்டான். அதான், ஸ்பிரிங்குக்குக் கீழ மரை போட்ட வளையம். திருகினா வண்டி ஏறும், இறங்கும். உனக்குத் தெரியாததா!

நான் சொன்னேன், "இது குரங்கு வேலை ஹொட்டா"ன்னு. என் கொட்டகைக்குள்ள ஒரு பெரிய குரங்கு வரும். ஜாக்கி வெச்சுத் தூக்கும். கொக்கிச் சாவி எடுத்து அந்த வளையத்தைத் திருகும். ஒரு நாள் டயர் காத்தைக்கூட சரிபார்த்துட்டுப் போச்சு! ஹொட்டா நம்பலே. நீ நம்புறேல்ல?

…என்ன அப்படிப் பாக்குறே? சரி சரி, கிட்ட வா. சொல்றேன்.

ஞாயித்துக்கிழமை ஆனா மலைமேல நூடுல்ஸ் கடை வாசல்ல நாங்க எல்லாம் கூடுவோம். டயருக்கும் அதுக்கு மேல இருக்கிற தகர வளைவுக்கும் நடுவுல எத்தனை விரல் போகுதுன்னு பாக்கறதுதான் அங்க மரியாதை. சகமாகின்னு ஒரு முடிவெட்டுறவன். அவன் வண்டில ஒரு விரல்தான் போகும். என்னுதுல ஒரு விரலும் போகாது! வண்டியை இறக்கினா சக்கரம் ரெண்டும் மேல ஒட்டி, கீழ காலை அகட்டிக்கிட்டு நிக்கும். அந்தச் சாய்வைத்தான் கேம்பர்னு சொல்றது, அந்த அழகு இருக்கே… சகமாகி பார்த்துட்டு நூடுல்ஸைப் பாதில வெச்சுட்டான்.

ஆனா மிட்சுயேவுக்கு முழங்கால் வலி. அவ்வளவு கீழ இருக்கிற வண்டில ஏற முடியலே. போன மாசம் உள்ள விழுந்தா, வெளிய எடுக்க ரெண்டு பேர் வேண்டியிருந்துது. அதனால… அவ உக்காருற இடது பக்கத்தை மட்டும்… கொஞ்சூண்டு… ரெண்டு விரல் அளவுக்கு ஏத்துவேன். அவளை இறக்கிவிட்டதும் மறுபடி இறக்குவேன். எத்தனை சுத்துன்னு எண்ணித்தான் திருகுவேன். நடுவுல தும்மல் வந்தா கணக்கு போச்சு. அப்புறம் என்ன? இடது சக்கரம் சிப்பாய் மாதிரி விறைச்சு நிக்கும், வலது சக்கரம் அகட்டிக்கிட்டு நின்னு இந்தப் பக்கமா தள்ளும். வண்டி சாக்கடைக்குப் போகாம வேற எங்க போகும்?

ஆமா, ஆமா, நான்தான்! கத்தாதே!

ஹொட்டாவுக்குத் தெரியாது. அவன் வேலை முடிச்சதும் வளையத்துக்குக் குறுக்க வெள்ளைப் பெயின்ட்ல ஒரு கோடு போடுவான். யாராவது திருகினா கோடு உடைஞ்சு தெரியும். நான் அதைச் சுரண்டிட்டு, மிட்சுயே எழுத்துப்பிழை அழிக்கிற வெள்ளை மையால அதே மாதிரி ஒண்ணு போட்டுட்டேன். முப்பது வருஷம் கடை போர்டு எழுதின கை இது. நூல் பிடிச்ச மாதிரி இருக்கும்.

இதோ, மேடைல ஏத்தின என் வண்டிக்கு அடில போறான் பாரு… விளக்கு அடிக்கிறான்… கோட்டைப் பாக்குறான்… தலையாட்டுறான். பார்த்தியா! என்ன, அது என்ன கையில? பல் டாக்டர் வெச்சிருக்கிற மாதிரி குட்டிக் கண்ணாடி? எதுக்கு உள்பக்கம் விடுறான்?

…வளையத்துக்குப் பின்னாடியும் ஒரு கோடு போட்டிருக்கானா! பாவி! எதுக்கு என்னைப் பாத்து குரங்கு மாதிரி அக்குள் சொறிஞ்சு காட்டுறான்?

ஐயோ, வளையத்தைத் திருகி ஏத்துறான் தம்பி. ஒரு விரல். ரெண்டு விரல். ஹொட்டா! போதும்டா! மூணு… நாலு… முழு முஷ்டியே போகுதே! பூனை குட்டி போட்டுக் குடித்தனம் நடத்துமே அதுல! மிட்சுயே, நீயாவது சொல்லு… என்ன, பையிலேர்ந்து எதையோ எடுத்து அவன்கிட்ட குடுக்குறா… என் கொக்கிச் சாவி! நேத்திலேர்ந்து தேடுறேன் அதை!

மேடைலேர்ந்து வண்டியைக் கீழ இறக்கிட்டான். பாரு, கதவைத் திறந்து உக்காந்தே உக்காந்துட்டா. முழங்காலைப் பிடிக்கலே, முனகலே. நாற்காலில உக்காருற மாதிரி… சிரிக்கிறா வேற. இந்தச் சிரிப்பைப் பாத்து எத்தனை மாசமாச்சு…

சரி, கூப்பிடுறா, நான் கிளம்பறேன். தம்பி, ஒரே ஒரு உதவி. ஞாயித்துக்கிழமை நூடுல்ஸ் கடைப் பக்கம் நீ போனா, சகமாகி கேப்பான், தொகுஜி வண்டி ஏன் கட்டைக்கால் கட்டின மாதிரி நிக்குதுன்னு. குரங்கு வேலைன்னு சொல்லிடு.