காத்தவராயன் பணியில் இருக்கிறார்

அவைக்கு அணியாய் வீற்றிருக்கும் தலைவர் அப்துல் ஹக் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் மூத்தோரே, கடைசிப் பேருந்தைப் பற்றிக் கவலைப்படாமல் கடலூரிலிருந்து வந்திருக்கும் அலுவலகத் தோழர்களே, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு என் பேச்சையும் பொறுத்துக்கொள்ளும் தாய்மார்களே, சிதம்பரத்து மண்ணில் நின்று உங்களைக் கைகூப்பி வணங்குகிறேன்.

கடவுச்சொல்லைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். காவலுக்கு வைத்த சொல்லை நாம் எந்த லட்சணத்தில் வைத்திருக்கிறோம்? பண்ருட்டி முந்திரி மண்டி ஒன்றில் பாஸ்வேர்டு ‘பலாப்பழம்’. சேத்தியாத்தோப்பில் ஒருவர் மனைவி பெயரை வைத்திருந்தார். சண்டை வந்ததும் மைத்துனி பெயருக்கு மாற்றினார். சண்டை ஜாஸ்தியாகிவிட்டது. பின்வரிசையில் சிரிக்கிற தம்பி, உங்கள் பாஸ்வேர்டு மானிட்டரிலேயே ஒட்டியிருக்கிறது, நான் பார்த்தேன். இப்போதே சிரித்துவிடுங்கள், இனிமேல் சிரிப்பு வராது.

கடலூரில் ஓர் அலுவலகம். பெயர் வேண்டாம், அங்கிருந்தும் சிலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். அதன் மேலாளர் காத்தவராயன். அவர் கணக்கில் ஒப்புதல் ஆனால்தான் எந்தக் கோப்பும் நகரும். விடுப்பில் போகும்போது வேலை நிற்கக் கூடாதென்று பாஸ்வேர்டை எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போகிற நல்ல மனிதர். போன ஆடியில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். மாலை போட்டார்கள், மௌனமாக நின்றார்கள். மறுநாள் காலை என்ன செய்தார்கள்? அவர் பாஸ்வேர்டைத் தட்டி வேலையைத் தொடங்கினார்கள். புது மேலாளர் வரும்வரைதான் என்றார்கள். புதியவர் எப்படி வருவார்? சாவை யாரும் பதியவில்லை, கணினியைப் பொறுத்தவரை இடம்தான் காலி இல்லையே.

நாற்காலி காலி. திரையில் மட்டும் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு. “சார் வந்துட்டாருப்பா” என்று தினமும் காலையில் எழுத்தர் ஸ்ரீதர் சொல்வார். முதலில் சிரித்தார்கள். பிறகு அந்த நாற்காலிப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்கள். இறந்தவர் விடுப்பு கொடுத்தார். இறந்தவர் விளக்கம் கேட்டார். இறந்தவர் கையொப்பம் இட்டார்.

அவர் மனைவி தில்லையம்மாள், மகளுக்கு வாரிசு வேலை கேட்டு விண்ணப்பித்தார். அந்த வீட்டுக்கு வேறு கதியில்லை. பதில் வந்தது: ‘காத்தவராயன் பணியில் இருக்கிறார். விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.’ கீழே, ஒப்புதல் அளித்தவர் பெயர் காத்தவராயன். கணினி தானாக எழுதிய பதில் அது. ஸ்ரீதர் படிக்காமலே பத்தோடு பதினொன்றாக ஒப்புதல் பொத்தானை அமுக்கிவிட்டார். அவர் உள்ளே நுழைந்த பாஸ்வேர்டு என்ன தெரியுமா? வினோதினி. அந்த மகளின் பெயர். மகள் பெயரைச் சொல்லிக் கதவைத் திறந்து, மகளுக்கே இல்லை என்றார்கள்.

அந்தத் தாய் நேரில் வந்தார். “அவரு உள்ளதான் இருக்காருன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. வெளிய வரச் சொல்லுங்க சார், வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

ஸ்ரீதர் அவசரமாகக் கணினிப் பக்கம் திரும்பினார். “இருங்கம்மா, அவரு பேருலயே உள்ள போயி மாத்திடறேன்.”

“வாணாம் சார். மறுபடியும் அவர எழுப்பாதீங்க.”

இன்று காலையும் அந்தப் பச்சை விளக்கு எரிந்தது. கடலூர்த் தோழர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். நாளை அந்தக் கணக்கைத் திறக்காதீர்கள். வேலை நிற்கட்டும். கோப்பு குவியட்டும். மேலிடம் கேட்கட்டும். கேட்டால், எங்கள் மேலாளர் இறந்துவிட்டார் என்று உரக்கச் சொல்லுங்கள். அந்த மனிதரைச் சாக விடுங்கள், அவர் மகளை வாழ விடுங்கள்.

இவ்வளவு நேரம் செவி தந்த உங்களுக்கு நன்றி. எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள், வணக்கம்.