வலது ஓரத்து ஸ்பார்ட்டா

அவனியாபுரத்தில் இருவர் ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள். ஒருவர் எங்களையெல்லாம் தள்ளி உட்காரச் சொல்லி வலது ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். மடியில் செருப்பு டப்பா வைத்திருந்த மற்றவர் சொன்னார்:

“மாப்ள, இன்னைக்கு கே.கே. நகர்ல ஸ்பார்ட்டாவ முடிச்சு விட்டுருவேன்.”

ஆட்டோவே திரும்பிப் பார்த்தது. அவர் டப்பாவைத் திறந்தார். சுண்டுவிரல் உயரத்தில் கிரேக்கப் பொம்மை வீரர்கள். கேடயங்களில் புதுப் பெயிண்ட்.

“எப்படி முடிப்ப?” வலது ஓரத்துக்காரர் கேட்டார்.

“ஸ்பார்ட்டா படையோட நல்ல ஆளுக வலப்பக்கம்தான் நிப்பாங்க. அதுக்கு நேரா என் ஆளுக அம்புட்டுப் பேரையும் குவிச்சிருவேன். அது ஒடைஞ்சா மிச்சவங்க ஓடிருவாங்க.”

“இன்னைக்கு ஆட்டத்துல ஸ்பார்ட்டாவா ஆடப் போறதே நான்தான். என்கிட்டயே சொல்றியே, ஆளுகள இடப்பக்கம் மாத்திர மாட்டேனா?”

“மாத்த மாட்ட மாப்ள. ஷேர் ஆட்டோலகூட வலது ஓரம்தான் வேணும்னு அடம்பிடிச்சு உக்காந்திருக்க.”