புளி போட்டு விளக்கிய ஐந்து ரூபாய்

விழாவைத் தலைமையேற்று நடத்தும் ஐயாவு அவர்களே! மாரியம்மன் வாசலில் மேடையைப் போட்டுவிட்டு, மழை வந்துவிடுமோ என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் கோயில் சபையாரே! தலை நரைத்தும் குரல் நரைக்காத பெரியோர்களே! விடியலில் றப்பர் பால் வெட்டி, வீடு வந்து உலை வைத்து, அந்தக் களைப்போடும் வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! கேகாலையில் பழைய நாணயக் கடை வைத்திருக்கும் இந்த யோகராஜ் உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

"பழைய காசைப் பத்திப் பேசுங்க" என்றார் தலைவர். பேசுகிறேன். இப்போது எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "போன்ல காட்டுனாங்க, இந்தக் காசு பத்து லட்சமாமே?" பத்து லட்சமா? அப்படிக் கொடுக்க ஆள் இருந்தால் நான் ஏன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன்? சிரிக்கிறீங்களே அம்மா, உங்க முந்தானையிலயும் ஒண்ணு முடிஞ்சிருக்கு போல!

நினைவு நாணயம் என்பது என்ன? நாடு எதையோ கொண்டாடும்போது அதைச் சொல்லி அச்சடிக்கும் காசு. இலட்சக்கணக்கில் அச்சடித்தால் எல்லோர் பையிலும் இருக்கும். எல்லோர் பையிலும் இருப்பதற்கு யார் விலை கொடுப்பார்? கை மாறிக் கை மாறித் தேய்ந்தால் விலை இறங்கும். விளக்கினால்? அத்தோடு சரி! சேர்த்து வைக்கிறவன் தேடுவதே காலம் பூசிய அந்தக் கறுப்பைத்தான். நாமோ புளியும் சாம்பலும் போட்டு, குத்துவிளக்கோடு காசையும் பளபளவென்று தேய்த்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்போம்!

போன கிழமை அப்படி ஒரு காசு என் கடைக்கு வந்தது. கொண்டுவந்தவர் இந்தத் தோட்டத்துச் சுரேந்திரன்; கூடவே அவர் அம்மா அழகம்மா அக்கா. எண்பத்தோராம் ஆண்டு ஐந்து ரூபாய். இந்த இலங்கையில் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்து ஐம்பது ஆண்டு ஆனதைக் கொண்டாடி அடித்தது.

மகனுக்கு ஆத்திரம். "த்ரீவீலருக்கு அட்வான்ஸ் கட்டலாம்னு பாத்தேங்க. எங்கம்மா விளக்கித் தொலைச்சிட்டாங்க!"

"அம்மனுக்குப் போற காசை அழுக்கோடயாடா போடுறது?" என்றார் அக்கா. பிறகு கதையைச் சொன்னார்.

அவர் கணவர் தம்பையா அண்ணனுக்குச் சம்பளத்தோடு வந்த காசு அது. யட்டியாந்தோட்டைக் கடைக்காரர் ஒருவர், எல்லோருக்கும் ஓட்டுக் கிடைத்த பொன்விழாக் காசு என்று வாசித்துச் சொன்னாராம். அண்ணன் கேட்டாராம்: "எல்லாருக்கும்னா, அப்ப நாங்க யாருங்க?"

எண்ணிப் பாருங்கள்! காட்டைத் திருத்தியவர் யார்? கன்றை நட்டவர் யார்? மலையை மரமாக்கி, மரத்தைப் பாலாக்கி, பாலைப் பணமாக்கியவர் யார்? சுதந்திரம் வந்த கையோடு தோட்டத்து மக்களிடம் பறித்தார்களே, அந்தப் பிரஜாவுரிமை அவருக்கு இருந்ததா? ஓட்டு இருந்ததா? இல்லை! இல்லவே இல்லை! அன்று காசை மஞ்சள் துணியில் முடிந்தார் அண்ணன். "நம்ம வீட்டுல ஒருத்தர் ஓட்டுப் போட்டா, இது மாரியம்மனுக்கு."

ஓட்டுப் போடாமலே கண்ணை மூடிவிட்டார் அண்ணன். பிறகு அக்காவுக்கு உரிமை வந்தது. விரல் மையோடு வந்து முடிச்சை அவிழ்த்தார். உண்டியலில் போட மனசு வரவில்லை. "அவரு கைபட்டது ஐயா, எப்படிங்க விடுவேன்?" என்றார். இத்தனை ஆண்டும் வைத்திருந்தவர், மகன் விற்கப் பார்க்கிறான் என்றதும் பயந்துபோய் அம்மனுக்கே கொடுத்துவிட விளக்கியிருக்கிறார்.

உள்ளதைச் சொன்னேன். "விளக்காம இருந்தாலும் சில நூறு ரூபாதான் தம்பி. இப்ப வெறும் அஞ்சு ரூபா. தரட்டுமா?" அக்கா சிரித்தார்! நான் பெரிய விலை சொல்லிவிடுவேனோ என்று நடுங்கிக்கொண்டே வந்திருக்கிறார்.

மகன் சிரிக்கவில்லை. அப்பாவின் கதையை அவரும் அன்றுதான் கேட்டார். காசைப் பொத்திக்கொண்டார். "இது விக்கிறதுக்கு இல்லைங்க."

"அப்ப குடுடா, அம்மனுக்குப் போடணும்."

அவர் கையைத் திறக்கவில்லை. இன்னும் திறக்கவில்லை! அதோ, அம்மாவுக்குப் பக்கத்தில் பொத்திய கையோடுதான் உட்கார்ந்திருக்கிறார்.

தம்பி சுரேந்திரன், எந்திரிங்க. அப்பா அம்மனுக்கு நேர்ந்துக்கிட்டது, உங்க கையாலேயே உண்டியலுக்குப் போகட்டும். வழி விடுங்க தாய்மாரே! மேளக்காரரே, கொஞ்சம் நிறுத்துங்க.

கேட்டதா?

தம்பையா அண்ணே! உங்க வீட்டுல ஓட்டும் போட்டாச்சு, காசும் போட்டாச்சு!

இதற்கு மேல் நான் பேசினால் அந்தக் காசு விழுந்த சத்தம் உங்கள் காதை விட்டுப் போய்விடும். பொறுமையோடு கேட்டிருந்த அனைவருக்கும் என் நன்றி, வணக்கம்.