உடும்பு வீட்டின் உயரம்

உடும்புக்கு மண் ஆழமாக வேண்டும் ஐயா. முழங்கால் அளவாவது இருந்தால்தான் வளை தோண்டித் தூங்கும். வீட்டுக்குள் அத்தனை மண்ணைக் கொட்ட என் மனைவி விடவில்லை. அதனால் டோர்ட்முண்ட் ரயில் பாதையோரம், தோட்டக் காலனியில் எங்களுக்கு இருக்கும் துண்டு நிலத்தில் என் உடும்பு லோட்டேவுக்கு ஒரு சிறு வீடு கட்டினேன். இரட்டைப் பலகைச் சுவர், நடுவில் குளிர் தாங்கப் பஞ்சு, ஈர மண், ஒரு தட்டைக் கல், கல்லுக்கு மேலே ஒரு சூட்டு விளக்கு, கடுங்குளிருக்கென்று இன்னும் மூன்று. விளக்கு எட்டும் உயரத்தில் இருந்தால் ஏறிச் சுட்டுக்கொள்ளும். ஆகவே கூரையைக் கொஞ்சம் தூக்கினேன்.

அந்தக் கொஞ்சம்தான் காலனித் தலைவர் எக்கார்ட் வீஸ்மனின் கண்ணை உறுத்தியது.

"டெட்லெஃப், கூரை அளவுக்கு மேல ஒரு சாண் ஒசரம். ஞாயித்துக்கெழமைக்குள்ள பிரிச்சுடு."

"அக்டோபர் குளிரு தலைவரே. செத்துப்போயிடும்."

"கம்பளி போத்தி விடேன். சட்டம்னா சட்டம்தான்."

கெட்ட மனிதர் இல்லை. சனிக்கிழமை மதியம் மடக்கு அளவுகோலோடு வந்தார். உள்ளேயும் அளக்க வேண்டுமாம்.

"கடிக்குமா?"

"உங்களையா? அதுக்கும் நாக்குல ருசி இருக்கு தலைவரே."

சிரித்துக்கொண்டே குனிந்து நுழைந்தார். சூடு வெளியே போகக்கூடாது என்று கதவைச் சாத்தி, வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன். புது ஆளைக் கண்டால் லோட்டே வளைக்குள் பதுங்கிவிடும். சூடு ஏறினால்தான் வெளியே வரும். அதனால் மற்ற விளக்குகளையும் போட்டேன். நான் கட்டட வேலைக்காரன். என் சுவரில் சூடு கசியாது.

அவர் தட்ட ஆரம்பித்தபோது காலனியில் ஓய்வு நேரம். ஒன்றிலிருந்து மூன்று மணி வரை சுத்தியல், ரேடியோ எதுவும் கூடாது. அந்த விதியைக் கொண்டுவந்தவரே அவர்தான். பக்கத்துத் தோட்டத்து ஹெட்விக் சாய்வு நாற்காலியில் படுத்தபடியே குரல் கொடுத்தாள்.

"யாருய்யா அது, மனுசி கண்ண மூட வேணாமா? தலைவர்கிட்ட எழுதிக் குடுத்துடுவேன்."

தட்டல் நின்றது. பலகை இடுக்கில் மெதுவாக ஒரு குரல் வந்தது.

"மன்னிச்சுக்கோங்க ஹெட்விக்."

அதற்குப் பிறகு அவர் தட்டவில்லை. அந்த ஒழுக்கத்தை நான் மதிக்கிறேன்.

மூன்றடித்ததும் திறந்தேன். அளவுகோல் மடியில் விரிந்திருக்க, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். லோட்டே அவர் மார்பில் நீட்டிப் படுத்திருந்தது. ஒரு கீறல்கூடப் போடவில்லை. இதயம் நின்றிருக்கிறது என்றார் டாக்டர்.

ஏன் முன்பே திறக்கவில்லை என்று கேட்கிறீர்கள். அந்தத் தாழ்ப்பாள் கிறீச்சென்று கத்தும் ஐயா, ஓய்வு நேரத்தில் எப்படி இழுப்பது? எண்ணெய் டப்பா என் கையில்தான் இருந்தது. எனக்கு அவசரம் இல்லை.