மலர்வு காலை, உதிர்வு மாலை

இருங்கோ ரீச்சர், அந்தக் கதிரையை இழுத்துப்போட்டு இருங்கோ. கையெல்லாம் மா, எழும்பேலாமல் கிடக்கு, கோவிக்காதேங்கோ. மா சூடு ஆறிச்செண்டா உரலுக்குள்ளை இறுகிப்போகும், பேந்து எந்தப் பலசாலி வந்தாலும் புழியேலாது. உங்கட வீட்டு இடியப்பமும் இந்தத் தட்டிலைதான். அவிஞ்சு வரக் கையோட கொண்டு போகலாம்.

மாலை என்னத்துக்கு ரீச்சர்? மாமியின்ட படத்துக்கோ? படம்... அது உள்ளுக்கை கிடக்கு. பிள்ளை நித்திரை, பிறகு எடுக்கிறன். மாலையை அந்த மேசையிலை வையுங்கோ.

ஆர் இருமினதோ? பிள்ளைதான். கொஞ்சம் சளி. ஓம், வயசுக்கு மிஞ்சின இருமல்தான்.

நீங்கள் போனிலை கேட்டதை முதல் சொல்லுறன். உங்கட மகள் ஆரணி சட்டை தைச்சுக் குடுக்கப் போறா, விளம்பரம் எங்கை போட்டா நல்லம் எண்டு கேட்டீங்கள். நான் அஞ்சாம் வகுப்போட நிண்டனான், என்னட்டைப் போய்க் கேக்கிறீங்கள். ஆனா பட்டது நான்தானே.

எங்கட இடியப்பத்துக்கு முதல் நோட்டீஸ் அடிச்சுப் பேப்பருக்குள்ளை வைச்சுக் குடுத்தம். அடுத்த கிழமை தெரு முடக்குக் கடையிலை செத்தல் மிளகாய் வாங்கினன். என்ட நோட்டீஸிலைதான் சுத்தித் தந்தவர். பேந்து பேஸ்புக்கிலை காசு கட்டிப் போட்டம். லைக் எல்லாம் கனடாவும் லண்டனும். ஊர் ஞாபகம் வருதெண்டு எழுதுகினம். வெள்ளவத்தையிலை ஒரு சனம் ஒரு தட்டுக் கேக்கேல்லை. ஆரணிக்கெண்டா அது சரிவரும் ரீச்சர், சட்டை பார்சல்லை போகும். இடியப்பம் போகுமே?

இவரின்ட தம்பி சாந்தகுமார் தன்ர ஓட்டோவுக்குப் பின்னாலை ஒட்டிக்கொண்டு திரிஞ்சவன். அவன் ஓடுறது கொட்டாஞ்சேனைப் பக்கம். போன் கோலும் அங்கையிருந்துதான் வருது. இஞ்சையிருந்து கொண்டுபோய்ச் சேரேக்கை இடியப்பம் காய்ஞ்சு, கூட்டுற தும்புக்கட்டை மாதிரி.

கடைசியாத்தான் போஸ்டர். தெஹிவளையிலை றொஹான் எண்டு ஒருத்தர் கொம்பியூட்டரிலை செய்து குடுக்கிறவர். சிங்கள ஆள், தமிழ் வாசிக்கத் தெரியாது. மாமியின்ட படத்தைக் குடுத்தம். கைப்பக்குவம் அவவின்டதானே, முகமும் அவவின்டதா இருக்கட்டும் எண்டு நான்தான் சொன்னனான். தமிழ் ஆக்கள் அவரிட்டைக் கூடுதலா அடிக்கிறது நினைவஞ்சலியாம். அதிலை ஒண்டை எடுத்து, படத்தையும் பேரையும் மாத்தி, திகதி கிடந்த இடத்திலை நாங்கள் குடுத்த நேரத்தைப் போட்டுத் தந்திட்டார். வட்டத்துக்குள்ளை மாமி, ரெண்டு பக்கமும் விளக்கு. இந்தப் பக்கம் மலர்வு, காலை ஆறு மணி. அந்தப் பக்கம் உதிர்வு, மாலை அஞ்சு மணி. கீழை தொடர்புகளுக்கு எண்டு என்ட நம்பர்.

நான் வாசிக்காமல் விடேல்லை ரீச்சர். எழுத்துக்கூட்டி வாசிச்சுச் சந்தோசப்பட்டனான். காலமை இடியப்பம், பூ மாதிரி மலருது. பின்னேரம் புட்டு, உதிர் உதிரா உதிருது. சிங்கள ஆள் எவ்வளவு வடிவாத் தமிழ் போட்டிருக்கிறார் எண்டு இவருக்கும் சொன்னனான். பக்கத்திலை நிண்டு ஒட்டுவிச்சதும் நான்தான்.

நீங்கள் சிரிப்பீங்கள் எண்டு நினைச்சன்.

சாந்தகுமார் கண்டிட்டு வந்து சொன்னவன், அண்ணி, மலர்வெண்டாப் பிறப்பு, உதிர்வெண்டாச் சாவு, அம்மாவை ஒரே நாளிலை பிறக்கவும் வைச்சு அனுப்பியும் போட்டீங்கள் எண்டு. கிழிக்கத்தான் வெளிக்கிட்டனான், சத்தியமா. செருப்புப் போட்டுக்கொண்டு நிக்கேக்கைதான், போஸ்டரிலை நம்பரைப் பாத்து உங்கட கோல் வந்தது. மாமி தவறி எவ்வளவு காலம் பிள்ளை எண்டு கேட்டீங்கள். நான் வாய் திறக்க முதல், மாமியின்ட நினைவா ஒரு மருமகள் இப்பிடிச் செய்யிறது இந்தக் காலத்திலை அருமை எண்டும் சொன்னீங்கள். என்னைப் பற்றி ஒருத்தரும் அப்பிடிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஓம் எண்டிட்டன்.

அந்த ஒரு ஓம்தான். நீங்கள் கோயில் ஆக்களுக்குச் சொல்ல, அவையள் தங்கட பிளாட் ஆக்களுக்குச் சொல்ல, இப்ப உரலைக் கீழை வைக்க நேரமில்லை. நோட்டீஸும் ஓட்டோவும் தராததை உங்கட வாய் தந்தது. ஆரணிக்கும் நீங்கள் நாலு பேருக்குச் சொன்னாக் காணும். போஸ்டர் அடிக்கிறதெண்டா ஒட்ட முன்னம் படிச்ச ஆள் ஆருக்கும் காட்டச் சொல்லுங்கோ.

ஒவ்வொரு நாளும் உங்களுக்குச் சொல்லுவம் எண்டுதான் இருந்தனான். பார்சலைக் குடுக்கேக்கை வாய் வராது. இண்டைக்கு நீங்கள் மாலையோட வந்து நிக்கிறீங்கள்.

இஞ்சை ஒருத்தருக்கு நாளுக்கு நாள் பவிசு கூடுது ரீச்சர். என்ட முகத்துக்குத்தானே சனம் வருது எண்டு. வெள்ளிக்கிழமை நல்ல சீலை உடுத்துக் கோயிலுக்கு வெளிக்கிட்டவ. அங்கை உங்கட ஆக்கள் கண்டா என்ன செய்யிறது? முழங்கால் வீங்கும் மாமி, மழை வருது மாமி எண்டு மறிச்சுப்போட்டன். அதுக்கு முதல் வெள்ளியும் அப்பிடித்தான். வானத்திலை ஒரு முகில் இல்லை. சரி பிள்ளை, நீ சொன்னாச் சரிதான் எண்டு சீலையை மடிச்சு வைச்சிட்டு என்ட பிள்ளையின்ட ஏணையை ஆட்டிக்கொண்டு இருந்தவ. கதிரையிலை அந்தச் சீலை கிடக்கிறதைப் பாத்தா எனக்குச் சோறு இறங்குதில்லை.

ஓம் மாமி, வாறன். ஓம், ரீச்சர்தான் வந்திருக்கிறா. சீப்போ? அலுமாரிக்கு மேலை கிடக்கு. தலை இழுத்துக்கொண்டு வாறாவாம் ரீச்சர், போஸ்டரிலை பாத்த முகத்தை நீங்கள் நேரிலை பாக்கவேணுமாம். இல்லை மாமி, நீங்கள் தனிய எழும்பாதேங்கோ, நான் வாறன், இந்தா கையைக் கழுவிப்போட்டு வாறன். ரீச்சர், உங்களைக் கும்பிட்டன், அவ வர முன்னம் அந்த மாலையை மட்டும்...