படி வைக்காத சுவர்

மட்டாஞ்சேரி மெரினாவில் அஞ்சு என்ற பெண் இறந்தது தொடர்பான விசாரணையில், அவளுடைய அம்மாச்சி முனியாயி கொடுத்த வாக்குமூலம். சொல்லச் சொல்ல எழுதியவர்: சப் இன்ஸ்பெக்டர் பாக்கியலக்ஷ்மி.

பெயர்: முனியாயி. வயது: அறுபத்தெட்டு. கணவர்: காலஞ்சென்ற குழந்தைசாமி. தொழில்: முனிசிபல் துப்புரவு வேலை, இப்போது ஓய்வு. படிப்பு: ஐந்தாம் வகுப்பு, தமிழ். விலாசம்: மட்டாஞ்சேரி, கயிற்றுக் கிடங்குச் சந்து, காயல் பக்கம் கடைசி வீடு.

மேற்கண்ட விலாசத்தில் நான் கல்யாணமாகி வந்த நாள் முதல் இருந்து வருகிறேன். என் மாமனார் காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து துப்புரவு வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. எனக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. எழுதியதை நானே படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று சொன்னதால், பாலக்காட்டுக்காரரான மேடம் இதைத் தமிழில் எழுதுகிறார்.

இறந்துபோன அஞ்சு என் மகள் பொன்மணியின் ஒரே மகள். பொன்மணிக்குக் களமசேரியில் கான்டீன் வேலை என்பதால் அஞ்சு சின்ன வயதிலிருந்தே என்னிடம் வளர்ந்தாள். ஐ.டி.ஐ. முடித்தவள். நன்றாக நீந்துவாள். நீச்சல் தெரியாத பெண் அஜாக்கிரதையாகக் கால் தவறி விழுந்துவிட்டாள் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருப்பதாக மேடம் எனக்குப் படித்துக் காட்டினார். அது பொய். அஞ்சு விழவில்லை. இறங்கினாள். நான் பார்த்தேன்.

எங்கள் சந்து முடிகிற இடத்தில் முன்பு கருங்கல் படிகள் இருந்தன. கடவு என்போம். மீன் வள்ளங்கள் அங்கேதான் அணையும், இடக்கொச்சியிலிருந்து வருகிறவர்களும் அங்கேதான் இறங்குவார்கள். ஆடி அமாவாசைக்குச் செத்துப்போனவர்களுக்குச் சோறு வைத்து நாங்கள் இறங்கி முழுகுவதும் அந்தப் படியில்தான். அஞ்சு அங்கேதான் நீந்தப் பழகினாள். எங்கள் சந்திலேயே இருக்கிற மீன்காரன் பிஜுவின் வள்ளத்தோடு பந்தயம் வைத்து நீந்துவாள்.

அதன் பிறகு, கொரோனாவெல்லாம் ஓய்ந்த சமயத்தில், ஒரு கம்பெனி அந்தக் கரையை எடுத்தது. பணக்காரர்கள் சொந்தமாக வைத்திருக்கிற உல்லாசப் படகுகளைக் கட்டுவதற்கான துறை, மெரினா என்று பெயர் சொன்னார்கள். பள்ளிக்கூட ஹாலுக்கு எங்களைக் கூப்பிட்டுத் திரையில் படம் காட்டினார்கள். வெள்ளைப் படகுகள், குடை விரித்த மேசைகள், நாய்க்குட்டியோடு நடக்கிற ஒரு அம்மா எல்லாம் அதில் இருந்தது. எங்கள் படியைக் காணோம். நான் எழுந்து, படி எங்கே என்று கேட்டேன்.

“படி வெச்சா கண்டவங்களும் இறங்குவாங்க அம்மச்சி,” என்றார் படம் காட்டியவர்.

“இறங்காம, படிக்குப் பூவும் பொட்டும் வெச்சுக் கும்பிடவா செய்வாங்க?” என்றேன்.

ஹால் முழுக்கச் சிரித்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அஞ்சு என் முந்தானையைப் பிடித்து இழுத்து, “பேசினது மதி, அம்மாச்சி, இரி. எனக்கு அங்க வேலைக்குப் பேர் எழுதியிருக்காங்க,” என்றாள். உட்கார்ந்தேன்.

அதன் பிறகு கருங்கல் படிகளைப் பெயர்த்துவிட்டு, காயலை மூன்று பக்கம் வளைத்து, கண்ணாடி மாதிரி வழவழப்பான கான்கிரீட் சுவர் கட்டினார்கள். கை வைக்க ஒரு பிடிகூட அதில் கிடையாது. எங்கள் சந்து முடிகிற இடத்தில் வேலி அடித்துக் கம்பிக் கேட் போட்டுப் பூட்டினார்கள். காயலிலிருந்து நுழைகிற வாய்ப்பக்கம், மீன் வள்ளம் உள்ளே வராதபடி இரும்புச் சங்கிலியில் நீல டிரம்களைக் கோத்துக் குறுக்கே விட்டார்கள். உல்லாசப் படகு வந்தால் மட்டும் அவிழ்ப்பார்கள். ஆட்களை ஏற்றிப் போகிற போட்டுக்கான கடவு ஒன்றும் அங்கேயே வரும், எல்லாருக்கும் எறணாகுளம் போக வசதியாக இருக்கும் என்று முதலில் சொன்னதைப் பிறகு யாரும் பேசவில்லை. சாயாக்கடை வைக்கிறேன் என்று கேட்டுப் போனவர்களையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அஞ்சுவுக்கு வேலை கொடுத்தார்கள். வருகிற படகின் கயிற்றை வாங்கிக் கட்டுகிற வேலை. நங்கூரம் தைத்த நீலச் சட்டை. எங்கள் சந்தில் சட்டையில் நங்கூரம் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் அவள்தான். நான் அதை வேறு துணியோடு சேர்த்துத் துவைத்ததில்லை.

முதலில் படகுகள் வந்தன. கம்பெனி ஆழம் பார்த்தது பங்குனி வெயிலில். ஆடி மழையில் வருகிற சேற்றை அவர்கள் பார்க்கவில்லை. முன்பு நீர் ஏறி இறங்கும்போதும் வள்ளங்கள் போய் வரும்போதும் சேறு கலைந்து போகும். சுவருக்குள் வந்த சேறு திரும்பிப் போகவில்லை. அதற்கப்புறம் நீர் வற்றுகிற நேரமெல்லாம் படகுகள் சேற்றில் ஒருச்சாய்ந்து கிடந்தன, ரிப்பேர் பார்க்கப் பக்கத்தில் பட்டறை இல்லை, டீசல் இல்லை, படகுக்காரர்கள் ஒவ்வொருவராகப் படகை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். படகில் ஏறி இறங்கப் போட்டிருந்த மிதக்கும் மேடைகளும் உடைந்துபோய் வேறெங்கோ இழுத்துப் போகப்பட்டன. பக்கத்தில் கட்டிய ஃபிளாட்டுகளில் விளக்கு எரிந்து நான் பார்த்ததில்லை. அதன் பிறகு ஆகாயத்தாமரை, பாயல் என்று இங்கே சொல்வோம், அது உள்ளே வந்து அடைந்து, சுவரோடு சுவர் பச்சைப் பசேலென்று மூடிக்கொண்டது. அதன்மேல் கொக்குகள் நடக்கும்.

படகு இல்லாததால், கல்யாணத்துக்கு முன்னால் ஜோடிகளை வைத்துப் படம் எடுப்பவர்களுக்கு அந்த இடத்தை விட ஆரம்பித்தார்கள். அஞ்சுவின் வேலை, அவர்கள் செருப்பைப் பார்த்துக்கொள்வதும் குடை பிடிப்பதுமாக மாறியது.

“என்னடீ, கயிறு பிடிக்கப் போய் கல்யாணப்பொண்ணு பாவாடை பிடிக்கிறியா?” என்று பிஜு கேலி செய்வான்.

“படகு வரும் சேட்டா. அன்னிக்கு நீ சங்கிலிக்கு வெளியே நின்னு பார்த்து ஏங்கிக்கோ,” என்பாள்.

இந்த வருடம் மழை தொடங்கிய சமயம், பாயல் வார இறங்கிய ஒரு கூலியாள் சேற்றில் மாட்டி, மேலே ஏற வழியில்லாமல் தவித்தான், கடைசியில் வேட்டியை இறக்கி அவனைத் தூக்கினார்கள். அதைப் பார்த்த அஞ்சுவும் பிஜுவும் பழைய ஸ்கூட்டர் டயர்களைக் கயிற்றில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்து, படகு கட்டுகிற இரும்புக் கட்டையில் கட்டிச் சுவரில் தொங்கவிட்டார்கள். பிஜு கேட்டுக்கு வெளியே நின்று கோத்துக் கொடுத்தான், அவள் உள்ளே நின்று கட்டினாள். பிடித்து ஏற அது ஒன்றுதான் அந்தச் சுவரில் இருந்தது.

சம்பவம் நடந்தது ஆடி அமாவாசைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய நாள் சாயங்காலம் அஞ்சு அந்த டயர்களை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஏன் என்று கேட்டேன். “மேனேஜர் சார் சொன்னார், போட்டோவில டயர் கிடந்தா மோசமாத் தெரியும்னு. திங்கக்கிழமை திரும்பக் கட்டிடுவேன்,” என்றாள். மேனேஜர் கெட்ட ஆள் என்று நான் சொல்லவில்லை. அஞ்சுவின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கி வந்தவர்தான். அதன் பிறகு அவள் பின்பக்கம் உட்கார்ந்து டயர்களைத் தேய்த்துக் கழுவித் துணிக்கொடியில் காயப் போட்டாள். டயரைப் போய் யாரடி கழுவுவார்கள் என்று திட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அவளுக்குக் கப்பைக் கிழங்கும் மத்திக் கறியும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு கம்பிக் கேட்டுக்குப் போனேன். கேட் பூட்டியிருந்தது. கம்பி வழியாகத்தான் தினமும் கொடுப்பேன். நீர் நன்றாக வற்றியிருந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் சுவரோரம் நின்றார்கள். கேமராக்காரப் பையன், வேறு ஊர்க்காரன், கீழே இருந்து எடுத்தால் நன்றாக வரும் என்று சொன்னான். பாயல்மேல் கொக்கு நடப்பதைப் பார்த்து அதைப் புல்தரை என்று நினைத்துவிட்டான். அஞ்சு கத்துவதற்குள் குதித்துவிட்டான். நெஞ்சு வரை போய்விட்டது. கேமராவை மட்டும் தலைக்கு மேலே பிடித்திருந்தான்.

அதன் பிறகு அஞ்சு சுவர்மேல் குப்புறப் படுத்துக் கை கொடுத்தாள், எட்டவில்லை. கல்யாணப்பெண்ணின் ஷாலை வாங்கி இறக்கினாள், அவன் இழுத்ததில் கிழிந்தது. அவன் அம்மா அம்மா என்று கூப்பிட்டான். அதன் பிறகு அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துத் தொங்கி, அவன் பக்கத்தில் இறங்கினாள். விழவில்லை என்று மறுபடியும் சொல்கிறேன். செருப்பு ஜோடியாக இருந்ததை மேடம் வந்து பார்த்திருக்கிறார்.

“கேமராவ விடு சேட்டா! என் தோள்ல மிதிச்சுக் கேறு!” என்று கத்தினாள். அவன் மிதித்து ஏறினான். மாப்பிள்ளையும் பெண்ணும் அவன் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவன் மேலே போகப்போக அவள் கீழே போனாள். அப்போது என்னைப் பார்த்து, “அம்மாச்சி, பிஜு சேட்டனைக் கூப்பிடு,” என்றாள். பயந்த குரல் இல்லை. கடைக்குப் போய் வரச் சொல்வது போலச் சொன்னாள்.

நான் வேலியோரமாகவே வாய்ப்பக்கம் ஓடினேன். பிஜு வள்ளத்தில் வலை உதறிக்கொண்டிருந்தான். கூப்பிட்டேன், உடனே துடுப்புப் போட்டு வந்தான். சங்கிலியில் வள்ளம் முட்டி நின்றது. சங்கிலியைத் தூக்கிப் பார்த்தான், முடியவில்லை. அதன் பிறகு வள்ளத்தை விட்டுவிட்டுத் தண்ணீரில் குதித்தான், பாயல் கையிலும் காலிலும் சுற்றிக்கொண்டது. ரோட்டுப் பக்கப் பெரிய கேட்டில் இருந்த வாட்ச்மேன் யூசுப் இக்கா என் சத்தம் கேட்டு ஓடி வந்து, எங்கள் சந்துப் பக்கச் சின்ன கேட்டின் சாவி தன்னிடம் இல்லாததால் கல்லெடுத்துப் பூட்டை அடித்தார். பூட்டு உடைந்து நான் உள்ளே போனபோது கேமராக்காரப் பையன் சுவர்மேல் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். அஞ்சு இருந்த இடத்தில் பாயல் சேர்ந்து மூடியிருந்தது. ஒரு கொக்கு திரும்பி வந்து அங்கேயே நின்றது.

அதற்கப்புறம் ஃபயர் ஃபோர்ஸ் வந்து அந்தச் சுவரில் ஏணியைச் சாத்தினார்கள். சுவர் கட்டிய பிறகு அதில் இறங்க வைத்த முதல் படி அதுதான். அந்தப் படியில் அவளை மேலே கொண்டுவந்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் தூக்கு என் கையிலேயே இருப்பதைப் பார்த்தேன். அதைக் கழுவப் பின்பக்கம் போனேன். டயர்கள் கொடியில் காய்ந்திருந்தன.

காரியம் முடிந்த மறுநாள் அந்தக் கேமராக்காரப் பையன் வந்தான். வாசலில் நின்றான், உள்ளே வர மாட்டேன் என்றான். “அவங்க தோள் எலும்பு என் காலுக்குத் தெரிஞ்சது, பாட்டி,” என்றான். சாப்பிட்டாயா என்று கேட்டேன். அவன்மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அவனைக் காப்பாற்றத்தான் அவள் போனாள், அவன் நன்றாக இருக்கட்டும்.

வேறு ஏதாவது சொல்ல விருப்பமா என்று மேடம் கேட்டார். கம்பெனி திரும்பவும் சேறு வாரி, இன்னும் பெரிதாகக் கட்டப்போவதாகப் பேச்சு வருகிறது. கட்டட்டும், நான் மறிக்க வரவில்லை. படகு வரும் என்று என் பேத்தி கடைசி வரை நம்பினாள். ஆனால் முதலில் மழைக்காலத்தில் வந்து சேற்றைப் பார்க்கட்டும். ஒரேயடியாகக் கட்டாமல் கொஞ்சம் கட்டி, படகு வருகிறதா என்று பார்த்து, பிறகு மீதியைக் கட்டட்டும். சங்கிலியை எடுத்துவிட்டு வள்ளங்களை உள்ளே விடட்டும், எறணாகுளம் போட்டும் வரட்டும், சாயாக்கடையும் இருக்கட்டும். நாலு பேர் நிற்கிற கரையாக இருந்தால் நாலு கை நீண்டிருக்கும். எங்களை உள்ளே விடாமல் இருக்க என்னென்ன செய்தார்களோ, அதுவேதான் அவளை வெளியே விடவில்லை.

டயர்களை ஆட்டோவில் கொண்டுவந்திருக்கிறேன். ஸ்டேஷன் வராந்தாவில் கிடக்கின்றன. வழக்குக்குச் சாட்சியாக, தொண்டிப் பொருளாக எடுத்துக்கொள்வதாக மேடம் சொன்னார். எடுத்துக்கொள்ளட்டும். அந்தச் சுவரில் வேறொன்றைக் கட்டிவிட்டு எடுத்துக்கொள்ளட்டும், பாயல் வாரக் கூலியாட்கள் மறுபடி இறங்குகிறார்கள்.

அடுத்த ஆடி அமாவாசைக்கு என் வீட்டுக்காரருக்கு வைக்கிறதோடு அஞ்சுவுக்கும் ஒரு பிடி சோறு வைக்க வேண்டும். அவளுக்கு நான் வைக்கும்படி ஆகிவிட்டது. அந்தச் சோற்றைச் சுவர்மேல் நின்று எறிய மாட்டேன். இறங்கித்தான் வைப்பேன். அதற்கு எனக்குப் படி வேண்டும்.

நான் சொன்னது இவ்வளவுதான், அத்தனையும் கண்ணால் கண்டதும் நடந்ததும். எழுதியதை எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தேன். ஓரிடத்தில் “விழுந்த இடம்” என்று இருந்ததை “இறங்கிய இடம்” என்று திருத்தச் சொன்னேன், மேடம் திருத்திப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். ரேகை வைக்க மைப்பெட்டியை நீட்டினார்கள். வேண்டாம் என்று பேனா வாங்கிக்கொண்டேன்.

(கையொப்பம்)
கு. முனியாயி
அஞ்சுவின் அம்மாச்சி