வலது கால் வச்சு ஏறின சைக்கிள்

...அதான் கேக்குறேன் நுஃமான் தம்பி, நீங்க வித்த சைக்கிள்ல மோட்டார் இருக்கா, இல்ல மோட்டார்னு ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருக்கீங்களா? கிள்ளான்லேர்ந்து செராஸ் வரைக்கும் இதைக் காடியில ஏத்திக்கிட்டு மூணாவது தடவையா வரேன். நீங்களும் ஒவ்வொரு தடவையும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு, நல்லாத்தான் இருக்கு ஆன்டிங்கறீங்க. உங்க கடை வாசல்ல நல்லாத்தான் இருக்கு லா. மலையிலதான் இல்ல.

இல்ல, கொஞ்சம் கேளுங்க. நானும் எல்லாம் படிச்சிட்டுத்தான் வந்திருக்கேன். டோர்க் சென்சார்... பெடல் அச்சுக்குள்ள உக்காந்திருக்கு. நாம மிதிச்சா அந்த இரும்பு அச்சு கண்ணுக்குத் தெரியாம ஒரு துளி முறுக்கிக்குதாம். எவ்வளவு முறுக்குச்சுன்னு பாத்து அது மோட்டார்கிட்ட சொல்லும். மெல்ல மிதிச்சா மெல்லத் தள்ளும், அழுத்தி மிதிச்சா நல்லாத் தள்ளும். பெடல் சுத்துதான்னு மட்டும் பாக்குற சென்சார் மாதிரி கிடையாது. சரிதானே? அப்போ நான் உசிரக் குடுத்து மிதிக்கிறேன், அது ஏன் கம்முனு கெடக்கு?

எங்க வீட்டுக்காரர் சுகுமாறனுக்கும் இதே சைக்கிள், ஒரே நாள்ல வாங்கினது. அவரு பாட்டுக்கு மேட்டுல ஏறிப் போய் மைலோ குடிச்சிட்டு நிக்கிறாரு. நான் பாதியில இறங்கி, இந்தக் கனத்தைத் தள்ளிக்கிட்டு... போன வாரம் எங்க சைக்கிள் குரூப் ஆளுங்க எல்லார் முன்னாலயும் சொல்றாரு, "கலா, உனக்குக் கால்ல பலம் இல்ல. அடுத்த ஞாயிறு நீ கீழயே இருந்து எங்க பையெல்லாம் பாத்துக்கோ"ன்னு. பை பாத்துக்கவா நான் சைக்கிள் வாங்கினேன்? அழுகையே வந்துடுச்சு தம்பி. அந்தக் கோவத்துலதான் வாட்ஸ்அப் குரூப்ல உங்க கடையைப் பத்தி நாலு வார்த்தை எழுதிட்டேன்... பாத்தீங்களா? ம்... பாத்திருப்பீங்க.

என்னது? எப்பவும் போல ஏறி ஆன் பண்ணிக் காட்டணுமா? இதென்ன பெரிய வித்தை. பிரேக்கைப் புடிச்சாச்சு. வலது காலைப் பெடல்ல வச்சாச்சு. எது ஆரம்பிச்சாலும் வலது கால்தானே முதல்ல... நல்லா அழுத்தி ஊனிக்கிட்டு, முருகா முருகான்னு மூணு தடவை, அப்புறம்தான் பட்டன்...

ஏன் தம்பி தலையில கை வைக்கிறீங்க?

ஆன் பண்றப்போ பெடல்ல காலே படக்கூடாதா? அந்த நேரத்துல அங்க என்ன பாரம் இருக்கோ, அதையே பூஜ்யம்னு கணக்கு வச்சுக்குமா? அப்போ இந்த முழு உடம்பையும் பூஜ்யம்னு வச்சுக்கிட்டு, அப்புறம் நான் எவ்வளவு மிதிச்சாலும் மிதிக்கவே இல்லன்னு... ஐயோ. அந்த மனுஷன் சாமியும் கும்பிடாம, தரையில நின்னே பட்டனைத் தட்டிட்டு ஏறுவாரு. அவருக்குப் போய் ஒழுங்கா ஓடுது பாருங்க.

சரி, தப்பு என்னோடதுதான். வெக்கமா இருக்கு. குரூப்ல எழுதினதை இப்பவே அழிச்சிட்டு மன்னிப்பும் கேட்டுடறேன்.

இருங்க, இருங்க. மோட்டார் உதவவே இல்லன்னா... நாலு மாசமா அந்தப் பாதி மேடு வரைக்கும் ஏறினது யாரு? என் கால் மட்டுமா? இந்தக் கனத்தையும் இழுத்துக்கிட்டா?

தம்பி, மன்னிப்பை நான் எழுதுறேன். என் கால் மட்டுமே ஏறுச்சுங்கறதை நீங்க எழுதுங்க. நான் எழுதினா அந்த மனுஷன் நம்பமாட்டாரு.